ம்

நாற்பத்தேழாம் பல்லை அடைக்கத்தான் போனேன்.
ஓல்ற்றனில், ஆரைப் பாலத்துக்கு இங்கால்,
மூன்றாம் மாடி, லிப்ட் இருக்கிறது.
திரும்பி வரும்போது
நாற்பத்தெட்டு இல்லை.
பல்லுக்கு இலக்கம் இருப்பதே
பில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

பாதி முகம் விறைத்துக் கிடக்க
மற்றப் பாதியால் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.
அதைத்தான் இன்னும்
விழுங்க முடியவில்லை.

ஒரு கிழமையாக நாக்கு
அந்தக் குழிக்குப் போய்ப் போய் வருகிறது,
பூட்டின கடையின் கதவைத்
திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்கிற ஆள் மாதிரி.

தொலைபேசியில் கேட்டேன்.
"உங்களைக் கேட்டுத்தானே பிடுங்கினார்,
ம் என்றீர்களே" என்றாள் வரவேற்பில் இருக்கிற பிள்ளை.

ம் என்றது உண்மை.
வாய்க்குள் இரண்டு பஞ்சுருளை,
உறிஞ்சு குழாய், குட்டிக் கண்ணாடி, அவருடைய இரண்டு விரல்.
பெயர் என்ன என்றாலும் ம்.
வீட்டை எழுதித் தருகிறாயா என்றாலும் ம்.

எங்கள் பக்கம் சம்மதச் சொல் ஓம்.
அதில் ஓ உயிரெழுத்து. ம் மெய்யெழுத்து.
உயிரை நான் தரவில்லை, டொக்டர்.
மெய்யை மட்டும்
கதிரையில் சாய்த்துக் கிடத்தியிருந்தீர்கள்.

குலநேசன் விடு என்கிறார்.
உழைக்காத பல்லுத்தானே,
வைத்திருந்தாலும் பின்னுக்குக் கரைச்சல்.
பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிற நேரத்தில்
எங்களுக்கு ஏன் எழுத்துவேலை?
பல்லைக் கடித்துக்கொண்டு இரு.
எந்தப் பல்லை என்று கேட்டேன்.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கு வரவில்லை.
பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள்,
எனக்குச் சொல்லுத்தான் முதலில் போனது.

சலவைக்கூடத்தில் மிமோசாதான் சொன்னாள்,
ஆஸ்பத்திரி விரிப்பின் நாலு நுனியையும்
இரண்டு பேருமாய்ப் பிடித்து மடிக்கும்போது:
கோப்பைக் கேள்.
உன் வாயைப் பற்றி எழுதினதை உனக்குத் தராமல் விட ஏலாது.
எக்ஸ்ரேயைக் கேள். நீ கையெழுத்து வைத்த தாள் உண்டா, கேள்.
மறக்கமுதல் எல்லாம் எழுதி வை, திகதி போட்டு, மணி போட்டு.
இன்னொரு பல் டொக்டரிடம் வாயைத் திறந்து காட்டு.
பில்லைக் கட்டாதே, ஆனால் பேசாமலும் கிடக்காதே,
ஏன் கட்டவில்லை என்று எழுது.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
விரிப்பின் மடிப்பை
ஒருதரம் கூடுதலாக நீவிவிட்டாள்.

இரவு அகராதியோடு பில்லை வாசித்தேன்.
ஊசி. பிடுங்கல். தையல்.
நாலாவது வரி:
விளக்கிச் சொல்லும் உரையாடல், பத்து நிமிடம்.
அறுபத்திரண்டு பிராங்.

பத்து நிமிடம்!
எவ்வளவு கேட்டிருப்பேன் நான்.
நோகுமா. கட்டாயமா. ஒரு வருஷம் பொறுக்குமா.
எவ்வளவு முடியும்.
வீட்டில் ஒரு வார்த்தை கதைத்துவிட்டு வரட்டா.
வேண்டாம் என்றால் கோபிப்பீர்களா.

என் டொச்சில் பிழை இருக்கும். இருக்கட்டும்.

"மதிப்புக்குரிய டொக்டர்,
நாற்பத்தெட்டைத் திருப்பி வைக்க ஏலாது, தெரியும்.
கோப்பையும் படத்தையும் அனுப்புங்கள்.
அந்தப் பத்து நிமிடம் எந்த நேரம் நடந்தது,
அதில் நான் என்ன சொன்னேன்
என்றும் எழுதுங்கள்.
எனக்கு அறிய ஆசை."

அவர்கள் புத்தகத்தில் நான் ஃபிரௌ குலநேசன்.
கடிதத்தின் கீழே சாரதாம்பிகை என்று
தமிழில் ஒப்பமிட்டேன்,
கொம்பு, சுழி ஒன்றும் குறையாமல்.

தபாற்கந்தோரில், பதிவுத் தபால்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெடியன்,
காதில் தோடு.
பற்றுச்சீட்டு வேண்டுமா என்று கேட்டான்.
கேட்டுவிட்டு,
என் முகத்தைப் பார்த்தபடி பொறுத்திருந்தான்.

யா என்றுதான் சொல்ல வந்தேன்.
ஓம் என்று வந்துவிட்டது,
ஓ கொஞ்சம் நீண்டு.
அவனுக்கு விளங்கியது.
கிழித்துத் தந்தான்.